புத்தகத்தில் இல்லாத பதினொன்று

லீலா வேலை பார்க்கும் தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியின் கோட் புத்தகத்தில் மொத்தம் பத்து எண்கள். ஒன்று என்றால் சைரன் போட்டுப் பற. இரண்டு என்றால் உடனே கிளம்பு, சைரன் வேண்டாம். நான்கு என்றால் நோயாளி கை நீட்டுகிறவர், ஜாக்கிரதை. ஆறு என்றால் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. வண்டிக்குள் ஒருவர் படுத்திருக்க, அவர் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வயர்லெஸ்ஸில் "இங்க ஆள் செத்துட்டார்" என்று எவனாவது கத்த முடியுமா? அதற்காகத்தான் இந்த எண்களெல்லாம். கூட இருந்து கேட்கிறவர்களுக்குப் புரியக் கூடாது, வேலை பார்க்கிறவனுக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

பதினொன்று அந்தப் புத்தகத்தில் கிடையாது. அதைக் கொண்டுவந்தவள் லீலா.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பதினான்கு வருஷமாக அதே நாற்காலி, அதே மைக். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். கீழே கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் குக்கரைத் தட்டித் தட்டிக் காட்டுவது மேலே வயர்லெஸ் இரைச்சலோடு சேர்ந்தே கேட்கும். கம்பெனியின் பிழைப்பு தனியாக இருக்கும் வயசானவர்களை நம்பித்தான். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்திவிடுவார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டன் கொடுப்பார்கள். அமுக்கினால் லீலாவின் திரையில் அந்த வீட்டு எண் சிவப்பாக மின்னும், பஸ்ஸர் அடிக்கும், அவள் அந்தப் பெட்டி வழியாகப் பேசலாம். பேச்சுக்குப் பதில் வரவில்லையென்றால் கோட் ஒன்று. வண்டியை விரட்ட வேண்டும், அரசாங்க ஆம்புலன்ஸ் 995-க்கும் சொல்ல வேண்டும், குடும்பத்துக்கும் போன் போட வேண்டும். பன்னிரண்டு நிமிஷத்தில் ஆள் வந்து நிற்கும் என்று கம்பெனி விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில் ரத்தினம்மா என்று ஒரு கிழவி இருந்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை பட்டனை அமுக்குவாள். டிவியில் சேனல் மாறவில்லை, ஜன்னல் வழியாகப் புறா வந்துவிட்டது, மீன் முள் தொண்டையில் இருக்கிற மாதிரி இருக்கிறது, இல்லை இல்லை போய்விட்டது. சில நாள் அமுக்கிவிட்டுப் பேசவே மாட்டாள். லீலா "அம்மா, அம்மா" என்று கத்த, பெட்டி வழியாக டிவி சத்தம் மட்டும் வரும். மூன்று தடவை சைரன் போட்டுக்கொண்டு போன வண்டி, அவள் போட்டுக் கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அதே நேரத்தில் பெண்டமீரில் ஒருவர் நிஜமாகவே மாரடைப்பில் விழுந்து கிடந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அன்றைக்கு லீலாவுக்குப் பொறுக்கவில்லை. திரையில் ரத்தினம்மாவின் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில் 11 என்று அடித்தாள். டிரைவர்களிடம் வாயால் சொன்னாள். பதினொன்று என்றால் போக வேண்டும், ஆனால் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போகலாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். 995-ஐத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. இருக்கிற ஐந்து வண்டியை உண்மையாகத் தேவைப்படுகிறவர்களுக்கு மிச்சம் பிடிக்கிறோம் என்றுதான் நினைத்தாள், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மற்ற ஷிப்ட்காரர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு வீடு சேர்ந்தது. முதலாளி இப்ராஹீம் பாய்க்கும் தெரியும். அவர் இதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

தப்பு எங்கே என்றால், அந்த 11 ரத்தினம்மாவின் பெயரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. வீட்டு எண்ணோடு ஒட்டிக்கொண்டது.

போன வருஷக் கடைசியில் ரத்தினம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அந்த வீட்டுக்கு நடேசன் என்பவரும் அவர் மகள் கவிப்ரியாவும் குடி வந்தார்கள். நடேசன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், இருதயத்தில் இரண்டு தடவை கம்பி வைத்தவர். கவிப்ரியாவுக்குத் தஞ்சோங் பகாரில் வேலை, பகலெல்லாம் அப்பா தனி. சுவரில் பெட்டி ஏற்கனவே இருப்பதைப் பார்த்ததும், நல்லதாகப் போயிற்று என்று அதே கம்பெனிக்குப் போன் செய்து தன் பெயரில் எழுதிக்கொண்டாள். கம்பெனிக்காரர்கள் பெயரை மாற்றினார்கள், போன் நம்பரை மாற்றினார்கள். குறிப்புக் கட்டத்தை ஒருவரும் தொடவில்லை. அது வண்டி அனுப்பும் டிஸ்பாட்சர் சமாச்சாரம். லீலாவிடம் யாரும் சொல்லவும் இல்லை, பாட்டி கொஞ்ச நாளாக அமுக்காததை அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பன்னிரண்டுக்கு அந்த எண் சிவப்பாக மின்னியது. லீலாவுக்கு அந்த எண் மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்ததை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் நடேசன் என்று இருந்தது. அவள் கண் அதுவரை இறங்கவே இல்லை. "அம்மா, என்னம்மா வேணும்?" என்று கேட்டாள். பெட்டி வழியாக டிவி சத்தம் வந்தது. அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"யூனிட் த்ரீ, தோ பாயோ, பதினொண்ணு."

"காப்பி, பதினொண்ணு," என்றான் டிரைவர் சின்னராசு. சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நின்றிருந்தான்.

வழக்கப்படி குடும்பத்து நம்பருக்கும் போட்டாள். அந்த நம்பரை அடிப்பது கம்ப்யூட்டர், யாருடையது என்று அவள் பார்ப்பதில்லை. இரண்டு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸர் மறுபடி அடித்தது. அப்புறம் மறுபடி. ரத்தினம்மாவும் இப்படித்தான் விடாமல் அமுக்குவாள். அதனால் அடிக்க அடிக்க லீலாவுக்குச் சந்தேகம் வரவில்லை, நிச்சயம்தான் கூடியது. பஸ்ஸர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்ப வேண்டியவர்களின் பட்டியலைப் பார்த்தாள்.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்குச் சின்னராசு போய்ச் சேர்ந்தான். வெளியே மாட்டியிருந்த சாவிப் பெட்டியைத் திறந்து உள்ளே போனவன் ரொம்ப நேரம் வயர்லெஸ்ஸில் வரவில்லை. லீலா மூன்று தடவை கூப்பிட்டாள். இருபத்தைந்து நிமிஷம் அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தானாம், கூட வந்த நர்ஸ் கையைப் பிடித்து நிறுத்தும் வரைக்கும். பிறகு அவன் குரல் வந்தது.

"கோட் சிக்ஸ். அக்கா, இது அந்தப் பாட்டி இல்ல. யாரோ ஒரு ஆம்பளை."

லீலா அப்போதுதான் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தாள்.

மறுநாள் இப்ராஹீம் பாய் லீலாவையும் சின்னராசுவையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் லீலாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பதினொண்ணுன்னா என்னன்னு எங்கேயும் எழுதி இல்ல, சரியா? வயர்லெஸ் ரிக்கார்டிங்ல எண்ணு மட்டும்தான் இருக்கு. அந்தப் பொண்ணு கேட்டா கொடுத்துத்தான் ஆகணும், அக்ரிமெண்ட்ல இருக்கு. அதனால இனிமே பதினொண்ணுன்னா, ஃபேமிலிகிட்ட கன்ஃபர்ம் பண்ற வரைக்கும் வெயிட் பண்ணுன்னு அர்த்தம். அவ்வளவுதான். லீலா, நீங்க ரெண்டு தடவை கால் பண்ணியிருக்கீங்க, அது கம்ப்யூட்டர் லாக்ல பதிவாயிருக்கு. அதோட இது சரியா உக்காருது."

"பாய், அது பொய்."

"பொய்யா, உண்மையான்னு நான் கேக்கல. இவன் வொர்க் பெர்மிட் யார் கையில இருக்கு? நாளைக்கே இவனை ஊருக்கு அனுப்பிடலாம். உங்களுக்கு ஐம்பத்தாறு. வேற எவன் வேலை கொடுப்பான்?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவர் நிஜமாகவே வருத்தப்படுகிறார் என்பதுதான் லீலாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

படிக்கட்டில் சின்னராசு அவளை வழிமறித்தான். முப்பத்து நான்கு வயசு ஆள், கண் சிவந்திருந்தது. "அக்கா, நீங்க சொன்னதைத்தான் நான் செஞ்சேன். ஊர்ல எம் பொண்டாட்டி புள்ளைக்கு நான் ஒருத்தன்தான். பாத்துக்குங்க அக்கா," என்றான். லீலா தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவள் ஆட்டிய அந்தத் தலையை நினைத்தால் அவளுக்கே ஆத்திரமாக வரும்.

அன்று சாயங்காலமே திரையில் இருந்த 11-கள் எல்லாம் காணாமல் போயின, இப்ராஹீம் பாயே உட்கார்ந்து அழித்துவிட்டார். மற்ற டிரைவர்களுக்கு ஒரு வரி செய்தி போனது: வெளியாள் யாராவது கேட்டால் பதினொன்றுக்கு இதுதான் அர்த்தம். ஏன் என்று அதில் இல்லை. தோ பாயோவில் ஒருவர் இறந்துபோனார் என்றும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பதினொன்றை இனிமேல் பயன்படுத்தாதே என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, இரவு ஷிப்ட்காரர் வேறொரு வீட்டுக்கு அதே எண்ணைச் சொல்வதை லீலா தன் காதால் கேட்டாள். வீட்டு எண்களெல்லாம் அவர்களுக்கும் மனப்பாடம்தானே. பாயிடம் போய்ச் சொன்னாள். "பாக்கறேன்," என்றார்.

பதினேழு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, இப்ராஹீம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் கவிப்ரியா வந்தாள்.

இருபத்தொன்பது வயது இருக்கும். ஆபீஸ் உடுப்பிலேயே வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டைகூடத் தொங்கியது. கையில் கம்பெனி அனுப்பிய கடிதமும் வயர்லெஸ் பேச்சைத் தட்டச்சு செய்த தாளும். லீலா பதினேழு நாளாக இதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கத்துவாள், வக்கீல் என்பாள், போலீஸ் என்பாள், 'பாய் வந்ததும் பேசுங்கம்மா' என்று சொல்லிவிடலாம் என்று வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்திருந்தாள்.

கவிப்ரியா கத்தவில்லை. "நீங்கதான் லீலாவா? எனக்கு கால் பண்ணது நீங்கதானே, ஆன்ட்டி?" என்றாள்.

"ஆமாம்மா."

"உக்காரலாமா?"

உட்கார்ந்தாள். தாளை மேசைமேல் நீவி நீவி வைத்தாள். பல தடவை மடித்துப் பிரித்த தாள், மடிப்பில் கிழியும் நிலையில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். லெட்டர்ல போட்டிருக்காங்க, பதினொண்ணுன்னா ஃபேமிலிகிட்ட கன்ஃபர்ம் பண்ற வரைக்கும் வண்டி வெயிட் பண்ணும்னு. நீங்க எனக்கு டூ ஃபோர்ட்டீன்ல ஒரு கால், டூ சிக்ஸ்டீன்ல ஒரு கால். நான் மீட்டிங்ல இருந்தேன். போன் டேபிள் மேலதான் இருந்துச்சு. தெரியாத நம்பர். ஸ்கேம் கால்னு நெனச்சு கவுத்து வச்சிட்டேன்." தாளின் மடிப்பை விரலால் நீவினாள். "அந்த ரெண்டாவது காலை நான் எடுத்திருந்தா, வண்டி நேரத்துக்குப் போயிருக்குமா?"

கீழே யாரோ குக்கர் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்னா நான் கணக்குப் போட்டுப் பாத்தேன்," என்று கவிப்ரியா தொடர்ந்தாள். "டூ சிக்ஸ்டீன்ல நான் எடுத்து, ஆமா போங்கன்னு சொல்லியிருந்தா, பன்னெண்டு நிமிஷம். டூ ட்வெண்டி எய்ட். டாக்டர் சொன்னாரு, அரை மணி நேரத்துக்குள்ளன்னா சான்ஸ் இருந்திருக்கும்னு. யாரையும் திட்ட வரல, ஆன்ட்டி. எனக்குத் தெரிஞ்சா போதும். ராத்திரி தூங்கவே முடியல. நான்தான் கொன்னேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

இதை இப்ராஹீம் பாய் யோசித்திருக்க மாட்டார். லீலாவும் யோசிக்கவில்லை. பொய் சொன்னால் தப்பு காற்றில் கரைந்து போய்விடும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அது எங்கேயும் கரையவில்லை. தஞ்சோங் பகாருக்குப் போய் இந்தப் பெண்ணின் தலையில் உட்கார்ந்துகொண்டது. 'பாய் வந்ததும் பேசுங்கம்மா' என்ற வாக்கியம் லீலாவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் தானும் தப்பிக்கலாம், சின்னராசுவும் தப்பிப்பான், இந்தப் பெண் சாகிற வரைக்கும் ஒரு போனைக் கவிழ்த்து வைத்ததை நினைத்து வாழ்வாள்.

"நீ எடுத்திருந்தாலும் எடுக்காட்டியும் ஒண்ணுதான்மா," என்றாள் லீலா. "பதினொண்ணுக்கு அது அர்த்தமே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தினம்மா, புறா, மைலோ, குறிப்புக் கட்டம், சாப்பாட்டுக் கடை. பஸ்ஸர் சத்தத்தைக் குறைத்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தட்டையாகிக்கொண்டே போனது, யாருடைய கேஸையோ அடுத்த ஷிப்ட்காரரிடம் ஒப்படைப்பதுபோல. முடித்துவிட்டு அடி விழட்டும் என்று காத்திருந்தாள்.

கவிப்ரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, நம்ப முடியாத காரியம், புன்னகை மாதிரி ஒன்று வந்தது.

"நீங்க நல்லவங்க, ஆன்ட்டி," என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்லன்னு. என் பெரியப்பாகூட. நீங்க ஒருபடி மேல போயி, உங்க தப்புன்னே சொல்லிட்டீங்க. வேலையே போயிடும்னு தெரிஞ்சும் யாராச்சும் வந்து இப்படிச் சொல்வாங்களா? வண்டி வச்சிருக்கிறவங்க சாப்பிட்டு முடிச்சிட்டுப் போன்னு சொல்வாங்களா? என்னைப் பாத்தா பாவமா இருக்கு, அதான் சொல்றீங்க. தேங்க்ஸ்." எழுந்தாள். தாளை மறுபடி அதே மடிப்பில் மடித்தாள்.

பதினேழு நாள் வாயை மூடி வைத்திருந்ததற்கு இது சரியான தண்டனைதான், உண்மையைச் சொன்னால்கூட அது ஆறுதலாகிவிடுகிறது. "இரு, இரு," என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். தோ பாயோ வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் குறிப்புக் கட்டம் துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது. ஒவ்வொரு வீடாகத் தட்டினாள். எல்லாக் கட்டமும் காலி. கோட் புத்தகத்தை எடுத்து நீட்டினாள், அதிலும் பத்தோடு சரி.

"பரவாயில்ல ஆன்ட்டி. விடுங்க," என்று கவிப்ரியா கதவுப் பக்கம் திரும்பினாள்.

அந்தக் கதவைத் தாண்டிப் போய்விட்டால் இந்தப் பெண் எங்கே போய் நிற்பாள் என்று லீலாவுக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது மாடி என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. பயத்தில் அவள் கை தானாக மைக்கை எடுத்தது.

பதினான்கு வருஷத்தில் அவள் இல்லாத கேஸுக்கு ஒரு வண்டியைக்கூட அனுப்பியதில்லை.

"யூனிட் ஃபைவ், யூனிட் ஃபைவ். பூன் கெங் பாட்டி வீடு. பதினொண்ணு."

கவிப்ரியா நின்றாள். ஸ்பீக்கர் கரகரத்தது. ஐந்தாம் வண்டி டிரைவர் ரஞ்சனின் குரல் வந்தது, கூடவே தட்டு கரண்டிச் சத்தமும் யாரோ சிரிப்பதும்.

"காப்பி, பதினொண்ணு. லீலாக்கா, பிரியாணி இப்பத்தான் வந்துச்சு. ஒரு அரை மணி நேரம், ஓகேவா?"

கவிப்ரியா மெதுவாகத் திரும்பி வந்தாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் புன்னகை மாதிரி இருந்ததெல்லாம் போய்விட்டது. கைப்பையைத் துழாவிப் போனை எடுத்து, எதையோ இரண்டு தடவை தட்டி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"திரும்பச் சொல்லச் சொல்லுங்க," என்றாள்.

லீலா அந்தப் போனைப் பார்த்தாள். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இது பதிவானால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் வேலை போகும், அது போகட்டும். ரஞ்சன் மாட்டுவான், அவனுக்கு எதற்காக மாட்டினோம் என்றுகூடத் தெரியாது. சின்னராசு விமானம் ஏறுவான், படிக்கட்டில் அவள் தலையாட்டியதை நம்பிய சின்னராசு. அவனுக்குத் துரோகம் செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். மைக் பொத்தானை அமுக்கினாள்.

"யூனிட் ஃபைவ், சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லு."

"அய்யோ அக்கா, பதினொண்ணுதானே சொன்னீங்க?" ரஞ்சன் எதையோ மென்றுகொண்டே பேசினான். "சாப்பிட்டுட்டு மெதுவாப் போறேன்லா. எப்பவும் போறதுதானே. பதினொண்ணுல யாரு செத்துப் போயிடப் போறாங்க?"

கவிப்ரியா போனை அப்படியே பிடித்திருந்தாள், ஸ்பீக்கர் ஓய்ந்த பிறகும். பிறகுதான் பதிவை நிறுத்தினாள். நாற்காலியில் உட்காராமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள், பதினேழு நாள் அழுகையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. லீலா குனிந்து அவள் தோளைத் தொடப் போனாள். கவிப்ரியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.